தொண்டிக் கடலுக்கு ஒரு பழைய பாய்மரப் படகு

கடிதம் எழுதியவர் தேவகோட்டைக்காரர், வயது 54. இருபத்திரண்டு வருடம் மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். அவருடைய ஐயா காலத்தில் வணிகம் செய்ய (செட்டிநாட்டு வழக்கில் 'கொண்டுவிக்க') பர்மாவுக்குக் கப்பலேறிய குடும்பம். பினாங்கில் இருந்தபோது ஐந்து நாள் பாய்ப்படகுப் பயிற்சி முடித்து, நண்பர் படகில் சில முறை கடலுக்குப் போய் வந்திருக்கிறார். இரவு தங்கிப் பயணம் செய்யக்கூடிய பழைய படகு ஒன்றை வாங்கித் தொண்டியில் நிறுத்த ஆசை. கையில் 18 லட்சம் ரூபாய்.

மூன்று யோசனைகள் சொல்கிறார். ஒன்று, மலேசியாவின் லங்காவித் தீவில் விற்பனைக்கு இருக்கும் 33 அடிப் படகு: 1984-இல் தைவானில் கட்டியது, மேல்தளம் முழுக்கத் தேக்கு, விலை 11 லட்சம். இரண்டாவது கொச்சியில் இருக்கும் 27 அடி ஃபைபர் படகு: இங்கிலாந்தில் கட்டியது, அடியில் இரட்டை ஏரா (தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கனமான அடித்தகடு), விலை எட்டரை லட்சம். ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவர் வாங்கி வைத்திருப்பது. மூன்றாவது, தொண்டியில் ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கி அதன்மேல் அறை கட்டிப் பாய் வைப்பது. "நூறு வருடமாக எங்கள் வீட்டுத் தூண் அப்படியே நிற்கிறது. பர்மாத் தேக்கை நம்பி லங்காவிப் படகை வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறார். கடைசி வரியில், "ஆச்சிக்கு ஒரே பயம், படகு சாய்ந்தால் கவிழ்ந்துவிடாதா என்கிறார்" என்றும் எழுதியிருக்கிறார்.

உங்கள் ஆசை நடக்கக்கூடியதுதான். 18 லட்சத்தில் நல்ல படகு கிடைக்கும். ஆனால் நீங்கள் படகைப் பார்த்துவிட்டு அதற்கு இடம் தேடுகிறீர்கள். எந்தக் கடல், எங்கே நிறுத்துவது, யார் பழுது பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது முடிவானால் உங்கள் மூன்று யோசனைகளில் இரண்டு தாமாகவே விலகிவிடும்.

முதலில் கடல்

தேவகோட்டையிலிருந்து தொண்டிக்கு ஒரு மணி நேரம். ஆனால் தொண்டிக் கரை கிழக்கு பார்த்த திறந்த கரை. அக்டோபரில் வாடை எழுந்துவிட்டால் ஜனவரி வரை காற்றும் அலையும் கடலிலிருந்து நேராகக் கரைமேல் வரும். நங்கூரம் இழுபட்டால் படகு போய்ச் சேரும் இடம் மணல்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மீனவர்கள் வள்ளத்தை ஆள் சேர்த்து மணலில் ஏற்றிவிடுவார்கள். மூன்று டன் எடையும் அடியில் ஏராவும் உள்ள படகை அப்படி ஏற்ற முடியாது. விசைப்படகை இழுத்து ஏற்றும் சாய்வுத் தளத்திலும், அதற்கென்று ஒரு தாங்கி செய்து வைக்காமல் ஒற்றை ஏராப் படகு நிற்காது, பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி 13 மீட்டருக்குள், கரையோரம் இன்னும் குறைவு. ஆகவே தண்ணீருக்குள் 1 மீட்டர் முதல் 1.2 மீட்டருக்குள் இறங்கும் படகுதான் இங்கே உதவும். லங்காவிப் படகு 1.7 மீட்டர் இறங்குவதாக விற்பவர் எழுதியிருக்கிறார். அது தொண்டிக் கரையைத் தூரத்திலிருந்து பார்க்க மட்டுமே வரும்.

இரட்டை ஏரா உள்ள படகு தண்ணீர் வடிந்ததும் தானே நிமிர்ந்து நிற்கும் என்று நீங்கள் படித்தது இங்கிலாந்துக்குச் சரி, இந்த ஊருக்குச் சரியில்லை. இங்கிலாந்தில் பல இடங்களில் கடல் மட்டம் ஒரே நாளில் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஓதம் வடியும்போது அந்தப் படகு இரண்டு காலில் சேற்றில் நிமிர்ந்து நிற்கும், அடியைச் சுரண்டி வண்ணம் பூசிவிடலாம். பாக் விரிகுடாவில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஆகவே அடியில் ஒட்டி வளரும் கொட்டலசைச் சுரண்ட வருடம் ஒரு முறை கிரேன் வைத்துத் தூக்கியே ஆகவேண்டும். இரட்டை ஏராவால் உங்களுக்குள்ள லாபம் ஆழம் குறைவாக இறங்குவது ஒன்றுதான். அதுவே போதுமான லாபம்.

முதல் இரண்டு வருடம் படகைக் கொச்சியிலேயே வையுங்கள். போல்காட்டியில் மரினா (படகு நிறுத்துமிடம்) இருக்கிறது, மிதக்கும் மேடை இருக்கிறது, உப்பங்கழியில் பழகவும் இடம் இருக்கிறது. வாரம் இருமுறை ஓடும் எர்ணாகுளம்–வேளாங்கண்ணி ரயில் காரைக்குடி வழியாகத்தான் போகிறது. கைப்பழக்கம் வந்தபிறகு பிப்ரவரி, மார்ச்சில் குமரி முனை சுற்றித் தொண்டிக்குக் கொண்டுவந்து, ஏப்ரல் முடிவதற்குள் திரும்பிவிடலாம். ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையில் மழைக்காலம் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சிறு படகுக்கு வேலை இல்லை.

தேக்குத் தூணும் தேக்குத் தளமும்

உங்கள் வீட்டு முகப்புத் தூண் கல் ஆதாரத்தின்மேல், தாழ்வாரத்து நிழலில், நனையாமல் நிற்கிறது. நூறு வருடம் தாங்குவதற்கு மரம் பாதிக் காரணம், அதை நனையாமல் நிறுத்திய கொத்தனாரும் தச்சரும் மீதிப் பாதிக் காரணம். படகில் அதே மரம் வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் மாறி மாறிக் கிடக்கிறது. தேக்கு அதையும் தாங்கும். அதன் கீழே இருப்பது தாங்காது.

அந்தக் காலத்துத் தைவான் படகுகளில் பெரும்பாலும் தளம் மூன்று அடுக்காக இருக்கும். மேலும் கீழும் ஃபைபர் தகடு, நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ. அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தேக்குப் பலகை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருகாணியால் இறுக்கியது. ஒவ்வொரு திருகாணியும் ஃபைபரில் ஒரு ஓட்டை. பலகைக்கு நடுவே உள்ள கருப்பு ரப்பர் பூச்சு காய்ந்து வெடித்ததும் தண்ணீர் ஓட்டை வழியே நடு அடுக்கில் இறங்கும். வெளியே வர வழியில்லை. மேலே பலகை வெள்ளி போல மின்னிக்கொண்டிருக்கும், உள்ளே ஊறிப்போன மரம் கூழாகியிருக்கும். நாற்பது வருடத் தளத்தில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சரிசெய்ய வேண்டுமென்றால் தேக்கு முழுவதையும் பெயர்த்து, மேல் தகட்டை வெட்டி, நடு அடுக்கை மாற்றி, மறுபடி ஃபைபர் போடவேண்டும். இரண்டு ஆள் பல மாதம் செய்யும் வேலை. செலவு படகின் விலையைத் தாண்டிவிடும்.

தளம் நன்றாகவே இருந்தாலும் வரிக் கணக்கைப் பாருங்கள். உல்லாசப் படகுக்கு இப்போது சுங்கமும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 27.5 சதவீதம். அதையும் சேர்த்த தொகைமேல் ஜிஎஸ்டி 40 சதவீதம். 11 லட்சத்துக்கு வரி மட்டும் எட்டரை லட்சத்துக்கு மேல் வருகிறது. போதாததற்கு, பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்வதால் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) உரிமமும் தேவைப்படும். லங்காவி வரியில்லாத தீவு என்பது அங்கே வாங்கும் வரைக்கும்தான். இங்கே கொண்டுவர ஏறத்தாழ 1,200 கடல் மைல் ஓட்டவேண்டும். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் இரவும் பகலுமாகப் பத்து நாள், அதுவும் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும், நிலை தெரியாத பழைய கம்பிகளோடு. இந்தப் படகை விட்டுவிடுங்கள்.

வள்ளத்தில் அறை கட்டும் யோசனைக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: அடியில் பாரம் இல்லாத படகில் மேலே பாரம் ஏற்றினால் கவிழும். வள்ளம் மீன்பிடிக்க அருமையான படகு, அதை அதுவாகவே விட்டுவிடுங்கள்.

கொச்சிப் படகில் பார்க்க வேண்டியவை

விற்பவர் கொடுத்த ஆய்வு அறிக்கை 2019-இல் காப்பீட்டுக்காக அவர் எடுத்தது. அது அவருக்காக, அன்றைய நிலைக்கு எழுதியது. நீங்கள் பணம் கொடுத்து, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, உங்களுக்கென்று ஓர் ஆய்வாளரை வைத்துப் பார்க்கவேண்டும். அதற்கு முன் ஒரு நாள் நீங்களே போய்ப் பார்த்துவிட்டால் வீண் செலவு மிச்சமாகும். ஒரு ஸ்க்ரூடிரைவர், டார்ச், பூதக்கண்ணாடி, கொஞ்சம் பஞ்சு எடுத்துப் போங்கள்.

தளத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு ஜாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலத்தான். கணீரென்று கேட்டால் நல்லது. தொப்பென்று அடங்கினால் உள்ளே நடு அடுக்கு பிரிந்திருக்கிறது அல்லது ஊறியிருக்கிறது. பாய்மரத்தின் அடி, கைப்பிடிக் கம்பிகளின் அடி, நங்கூரச் சங்கிலி இறங்கும் இடம், இந்த மூன்றைச் சுற்றியும் நெருக்கமாகத் தட்டுங்கள். தண்ணீர் இறங்குவது திருகாணி உள்ள இடத்தில்தான்.

அடிப்பகுதியில் கொப்புளம் இருந்தால் பயந்துவிடாதீர்கள். குத்தினால் புளித்த காடி வாடையோடு ஒரு நீர் வரும். பழைய ஃபைபரில் இது சாதாரணம். பத்து இருபது கொப்புளத்தால் படகு மூழ்காது, விலையைக் குறைக்க உதவும். பயப்பட வேண்டியது ஏராவும் உடலும் சேரும் இடத்தில் உள்ள விரிசலுக்கு. இரட்டை ஏராப் படகு தரைதட்டும்போது இரண்டு காலும் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, ஏரா போல்ட்டைச் சுற்றித் துருக் கோடும் நட்சத்திரம் போன்ற விரிசலும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேறு படகு தேடலாம்.

அடுத்தது வால்வுகள். கடல் தண்ணீரை உள்ளே எடுக்கவும் கழிவுநீரை வெளியே விடவும் உடலில் நான்கைந்து ஓட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் வித்தியாசம் செட்டிநாட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே அந்த வித்தியாசம் உயிர்ப்பிரச்சினை. பித்தளையில் உள்ள துத்தநாகம் உப்புத் தண்ணீரில் கரைந்து போய்விடும், செம்பு மட்டும் பஞ்சு போல மிஞ்சும். வெளியே பார்க்க முழுசாக இருக்கும். கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சள் தெரிந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, இளஞ்சிவப்புத் தெரிந்தால் அது ஒரு நாள் கையோடு வரும். ஒன்றரை அங்குல ஓட்டை நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே திறந்துகொண்டால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். எல்லா வால்வும் கையால் திருகித் திறந்து மூட வரவேண்டும். எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், முதல் முறை தூக்கும்போதே எல்லாவற்றையும் வெண்கலமாக மாற்றிவிடுங்கள்.

பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள் எவர்சில்வர். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது வீட்டுச் சமையலறைக்குச் சரி. காற்றுப்படாமல் உப்பு ஈரம் தேங்கும் இடத்தில் அதுவும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டு போகும். கம்பியின் கீழ் முனையில் அழுத்திப் பொருத்திய உறையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மழைத்தண்ணீர் வழிந்து தேங்குவது அங்கேதான், மயிரிழை விரிசல் முதலில் விழுவதும் அங்கேதான். பஞ்சைக் கம்பிமேல் மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். இழை அறுந்திருந்தால் பஞ்சு சிக்கும். கம்பியின் வயதைக் கேளுங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தாலோ ரசீது இல்லாவிட்டாலோ முழுவதும் மாற்ற வேண்டியது என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பி தளத்தைத் துளைத்து இறங்கும் பட்டைத் தகடுகளையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்ற மறுத்தால் அந்த வேலைக்கும் பணம் குறைத்துக் கேளுங்கள்.

டீசல் எஞ்சினைப் பார்க்கப் போகும் நாளில் முன்கூட்டி ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனதும் எஞ்சின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. நீலப் புகை எண்ணெய் எரிவது. கரும்புகை பாரம் தாங்காமல் திணறுவது, ப்ரொப்பெல்லரில் கொட்டலசு இருந்தாலும் வரும். அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள், எண்ணெய் மோர் கலந்தது போலிருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. புகையோடு குளிர்நீர் சேரும் முழங்கைக் குழாய் கரியும் உப்பும் சேர்ந்து அடைத்துப்போகும், அதைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பிறகு ஒரு மணி நேரம் பயண வேகத்தில் ஓட்டி, சூட்டு முள் ஏறாமல் நிற்கிறதா பாருங்கள். ஓடாமலே வருடக்கணக்கில் கிடந்த எஞ்சினைவிட 2,000 மணி நேரம் ஒழுங்காக ஓடியதே மேல்.

பாய்த்துணி பார்க்கப் புதிது போல இருந்தாலும் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். வெயிலில் முதலில் சாவது நூல்தான். மெத்தை அழுக்கு, உள்ளே பூஞ்சை வாடை, உரிந்த வண்ணம் இவையெல்லாம் உங்களுக்கு லாபம். மற்றவர்கள் அதைப் பார்த்து ஒதுங்குவார்கள்.

காகிதம் சரியில்லை என்றால் படகு வேண்டாம்

எனக்கு உண்மையான கவலை இதில்தான். வெள்ளைக்காரர் தன் நாட்டுக் கொடியோடு இங்கே ஓட்டி வந்த படகு அது. அவர் இங்கேயே விற்றபோது இறக்குமதி வரி கட்டப்பட்டதா? கட்டியிருந்தால் பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கச் சீட்டு இருக்கும். அதன் நகலைக் கொச்சிச் சுங்க அலுவலகத்தில், ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் மூலம் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் எட்டரை லட்சத்தை மூன்று லட்சமாகக் குறைத்தாலும் வாங்காதீர்கள். வரிபாக்கியோடு அந்தப் படகைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் சுங்கத்துக்கு உண்டு. வாங்கியவருக்குத் தெரியாது என்பது பதிலாகாது.

"பிரிட்டிஷ் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கிறது, அது அப்படியே உங்களுக்கு வரும்" என்று தரகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே சிறு படகுகளுக்கான பதிவு, படகு கைமாறியதுமே முடிந்துவிடும். அது இருக்கும்போதும் உரிமைக்குச் சான்று ஆகாது. உங்களுக்கு வேண்டியது வெள்ளைக்காரரிடமிருந்து இப்போதைய உரிமையாளருக்கு, அவரிடமிருந்து உங்களுக்கு என்று அறுபடாத விற்பனைப் பத்திரங்களும், பழைய பதிவு நீக்கப்பட்டதற்கான சான்றும்.

தொண்டி நண்பர் பெயரில் மீன்வளத்துறையில் பதிந்துகொள்ளலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். அந்தப் பதிவு மீன்பிடிப் படகுக்கு. கடலோரக் காவல் குழுமத்தார் ஏறிப் பார்த்தால் உங்களுக்கும் தொல்லை, நண்பரின் பிழைப்புக்கும் தொல்லை. உல்லாசப் படகுக்கான பதிவைச் சென்னையிலோ கொச்சியிலோ உள்ள மெர்க்கன்டைல் மரைன் துறை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

இலங்கைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். சுங்கமும் குடியேற்றத் துறையும் உள்ள துறைமுகத்தில் அனுமதி பெற்றுத்தான் கிளம்ப முடியும், தொண்டியிலிருந்து நேராகப் போக முடியாது. பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தப்படி வகுத்த எல்லைக்கு ஐந்து மைல் முன்பே ஜிபிஎஸ் ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்றுபோன படகை நீரோட்டம் எல்லையைப் பொருட்படுத்தாமல் இழுத்துப் போய்விடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே இறங்கவோ பவளப் பாறைமேல் நங்கூரம் போடவோ கூடாது. தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 2022-இல் அறிவித்த கடற்பசுக் காப்பகத்திலும் கடற்புல் மேல் நங்கூரம் இறக்காதீர்கள். அதுதான் அந்த உயிரின் மேய்ச்சல்.

18 லட்சத்தைப் பிரிப்பது

பெரிய படகு கொஞ்சம்தானே விலை கூட என்று தோன்றும். 27 அடியை 33 அடியாக்கினால் நீளம் கூடுவது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு, எடையோ கிட்டத்தட்ட இரு மடங்கு. பாய், கம்பி, நங்கூரம், எஞ்சின், கிரேன் எல்லாம் எடையைத்தான் பின்தொடரும். ஆகவே 27 அடியில் நில்லுங்கள்.

படகுக்கு 8 லட்சம். முதல் ஆறு மாத வேலைக்கு 5 லட்சம்: கம்பிகள், வால்வுகளும் ரப்பர் குழாய்களும், பேட்டரி, அடிவண்ணம், உயிர்காப்பு உடை, உரிமத்தோடு ஒரு விஎச்எஃப் ரேடியோ (கடலில் பேசிக்கொள்ளும் கருவி), 10 கிலோ நங்கூரத்தோடு 8 மில்லிமீட்டர் சங்கிலி 30 மீட்டர். ஐந்து மீட்டர் ஆழத்தில் நங்கூரம் பிடிக்க 25 மீட்டராவது இறக்கவேண்டும், சங்கிலியில் சிக்கனம் வேண்டாம். ஒரு வருட நிறுத்தக் கட்டணம், காப்பீடு, ஆய்வுச் செலவுக்கு 2 லட்சம். மீதி 3 லட்சத்தைத் தொடாதீர்கள், எஞ்சின் படுத்துக்கொண்டால் அதற்கு. முன்பணம் கேட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் கொடுக்காமல், ஆய்விலோ சுங்கச் சீட்டிலோ குறை வந்தால் முழுத்தொகையும் திரும்பும் என்று பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.

ஆச்சியின் கேள்வி சரியான கேள்வி, அதற்குச் சரியான பதிலும் இருக்கிறது. இந்த மாதிரிப் படகில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரும்பாகவே ஏராவில் இருக்கும். காற்று சாய்க்கச் சாய்க்க அந்த எடை பக்கவாட்டில் தூக்கப்பட்டு, படகை நிமிர்த்தும் பலம் ஓரளவு சாய்வு வரை கூடிக்கொண்டே போகும். அதோடு பாய் சாயும்போது காற்றும் வழுக்கிக் குறையும். சோதனை ஓட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போங்கள், மிதமான காற்றுள்ள ஒரு காலை வேளையில். படகு பதினைந்து பாகை சாய்ந்ததும் அவர் உங்கள் கையைப் பிடிப்பார். அப்போது பாயை இறுக்கிப் பிடித்திருக்கும் தாமான் கயிற்றை அவர் கையிலேயே கொடுத்து, மெல்லத் தளர்த்தச் சொல்லுங்கள். நாலே நொடியில் தளம் நிமிர்வதை அவரே பார்க்கட்டும்.